பேயும் பத்திரமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதே சற்று அமானுஷ்யமான ஏற்பாடு. காலமாகிவிட்ட ஒருவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டு, வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டுவிட்டுப் போகிறார். அதிலிருந்து வட்டி வருகிறவரை ஆண்டுக்கு ஒரு மாலை, உயிரோடு இருக்கும் ஒருவர் மேடையேறிப் பேசியாக வேண்டும். உயிரோடு இருக்கும் வேறு சிலர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். இறந்தவரின் விருப்பம் ஒரு காகிதத்தின் வழியே நம்மை இங்கே கூட்டியிருக்கிறது. கோதிக் இலக்கியத்தையும் மிகைபுனைவையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான அரங்கு எனக்குக் கிடைக்காது.

இப்படி ஒரு மேடையில் இந்தப் பொருளைப் பேசியதில் எனக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லாங் நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்துவந்த பேராசிரியர். ‘ஹாபிட்’ வெளிவந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆண்ட்ரூ லாங் 1889 முதல் 1910 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர் சூட்டிப் பன்னிரண்டு தேவதைக் கதைத் தொகுதிகளைக் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்தவர். அவர் பெயரால் அமைந்த மேடையிலேயே நின்றுகொண்டு, தேவதைக் கதை குழந்தைகளுக்கென்று பிறந்ததில்லை என்று வாதாடினார் டோல்கீன். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். 1947இல் அந்த உரை விரிவாக்கப்பட்டு அச்சானது. மிகைபுனைவைப் படிக்க விரும்புகிறவருக்கும் எழுத விரும்புகிறவருக்கும் நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

அதில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. பச்சை நிறச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியனை இயல்பாக ஏற்கிற ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும் என்கிறார். வாசகர் தன் அவநம்பிக்கையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கிறார் என்ற கோலரிட்ஜின் விளக்கம் அவருக்குப் போதவில்லை. நல்ல கதைக்குள் இருக்கும்போது வாசகர் எதையும் ஒதுக்கிவைப்பதில்லை, நம்பவே செய்கிறார். அந்த நம்பிக்கை அறுந்த கணத்தில் கதை முடிந்துபோகிறது. சரி, அந்த நம்பிக்கையை எதைக் கொண்டு கட்டுவது? என் பதில் சற்றுக் குறும்பாகத் தோன்றலாம். காகிதத்தைக் கொண்டு. உயில், விற்பனைப் பத்திரம், நாட்குறிப்பு, ரசீது, ஒப்பந்தம், நூலகத்தில் கிடைத்த ஓலை. இந்த வகை இலக்கியத்தின் பெரிய புத்தகங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பேயைவிடப் பத்திரம்தான் அதிக வேலை செய்திருக்கிறது.

முதல் புத்தகத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. 1764 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற கதை 500 பிரதிகளுடன் வெளிவந்தது. தலைப்புப் பக்கமும் முன்னுரையும் இப்படிச் சொல்லின: வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த புத்தகம் இது, 1529இல் நேப்பிள்ஸில் அச்சானது, ஒனுஃப்ரியோ முரால்டோ என்ற பாதிரியார் இத்தாலிய மொழியில் எழுதியதை வில்லியம் மார்ஷல் மொழிபெயர்த்திருக்கிறார். அப்படி ஒரு புத்தகமும் கிடையாது, பாதிரியாரும் கிடையாது, மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. எழுதியவர் ஹோரஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன், நாடாளுமன்ற உறுப்பினர். அப்பா வாங்கிக்கொடுத்த அரசுப் பதவி ஒன்றும் அவருக்கு இருந்தது. கருவூல அலுவலகத்துக்குக் காகிதம், பேனா, மை, முத்திரை அரக்கு முதலானவற்றைத் தருவித்துக் கொடுப்பது அந்தப் பதவியின் பொறுப்பு. கோதிக் இலக்கியத்தின் தந்தை ஓர் எழுதுபொருள் சப்ளையர் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு அது மிக முக்கியமான தகவல்.

அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் வால்போல் உண்மையை ஒப்புக்கொண்டார். கோதிக் கதை என்ற துணைத் தலைப்பும் அப்போதுதான் சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரின் கற்பனை என்று நினைத்துப் பாராட்டிய மதிப்புரையாளர், சமகாலத்து ஆங்கிலக் கனவான் ஒருவரின் வேலை என்று தெரிந்ததும் முகம் சுளித்தார். கதை மாறவில்லை. முன்னால் வைத்த ஆவணம் போலி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கதைக்குள் நடப்பதையும் பாருங்கள். திருமண நாளில் வானத்திலிருந்து பிரம்மாண்டமான தலைக்கவசம் ஒன்று விழுந்து மணமகனை நசுக்குகிறது. இதை எல்லாரும் சொல்வார்கள். ஏன் விழுந்தது என்பதுதான் கதை. கோட்டையின் தலைவன் மான்ஃப்ரெடின் தாத்தா, தன் எஜமானனுக்கு விஷம் வைத்துவிட்டு, சொத்தைத் தன் பேரில் எழுதிவைத்ததாக ஒரு பொய் உயிலைக் காட்டியவர். ஆக, மூன்று தலைமுறைக்கு முந்தைய உயில் மோசடிதான் வானத்திலிருந்து விழுகிறது. நம்மூர் வழக்கில் சொன்னால், வில்லங்கமுள்ள சொத்து. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் கோதிக் நாவல்கள் எளிதாகப் பிடிபடும்.

வால்போல் ஒட்ரான்டோவுக்குப் போனதே இல்லை. நேப்பிள்ஸ் நாட்டு வரைபடத்தில் ஓசை நன்றாக இருந்த ஊர்ப்பெயரைப் பொறுக்கிக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு சீமாட்டி அங்குள்ள கோட்டையின் படத்தை அவருக்கு அனுப்பிவைத்தபோதுதான், அந்த ஊரில் உண்மையாகவே ஒரு கோட்டை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவந்தது.

அடுத்து ஆன் ராட்கிளிஃப். 1794இல் ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலுக்குப் பதிப்பகத்தார் அவருக்கு 500 பவுண்டு கொடுத்தார்கள். அந்நாளில் ஒரு நாவலுக்குக் கேள்விப்படாத தொகை. அப்பென்னைன் மலைக்கோட்டையில் அடைபட்ட நாயகி எமிலியை அவளுடைய அத்தையின் கணவன் மொன்டோனி என்னதான் செய்கிறான் என்று பார்த்தால், கையெழுத்துப் போடச் சொல்கிறான். முதலில் அத்தையிடம், அவள் செத்த பிறகு மருமகளிடம். நள்ளிரவு இசை, ரகசியக் கதவு, காவற்கோபுரம் எல்லாமே அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. பெண்ணுக்குச் சொத்து இருந்தும் பத்திரம் ஆண்கள் கையில் இருந்த காலத்தில் இந்த நாவல்களைப் பெண்கள் ஏன் விழுந்துவிழுந்து படித்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ராட்கிளிஃபிடம் எழுதுகிறவர் கற்றுக்கொள்ள ஓர் இடம் உண்டு. அதிலேயே அவருடைய பலவீனமும் இருக்கிறது. கோட்டையில் கறுப்புத் திரை தொங்குகிறது. எமிலி அதை விலக்கிப் பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ஆசிரியர் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அப்பால், நாவல் முடியும் தறுவாயில்தான் அது அழுகிய பிணம் போல் மெழுகில் செய்த பொம்மை என்று தெரிகிறது. தாமதம் அபாரம், விடை சப்பென்று இருக்கிறது. எல்லா அமானுஷ்யத்துக்கும் கடைசியில் இயற்கையான காரணம் சொல்லிவிடும் வழக்கம் அவருடையது. அதை அன்றே கேலி செய்தார்கள். ஆனால் கேலி செய்தவர்களும் அந்த இடைப்பட்ட பக்கங்களைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1823இல் அவர் இறந்து, 1826இல் ‘நியூ மன்த்லி மேகசின்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த வட்டாரத்தில் பயணம் போகும் இருவர், ஹாம்லெட்டின் ஆவியைப் பற்றிப் பேசிக்கொள்வதாக அமைந்தது. அச்சம் மனதை விரித்து விழிக்கவைக்கும், அருவருப்பான திகில் மனதைச் சுருக்கி உறையவைக்கும் என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். இன்றைய பேய்ப் படங்களில் முக்கால்வாசியை எடைபோட இந்த ஒரு பிரிவு போதும்.

இந்தப் புத்தகங்கள் வாசகரிடம் போய்ச் சேர்ந்த வழி வாடகை நூலகம். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகமும் அதன் நூலகமும் இதற்குப் பேர்பெற்றவை. நாவல்கள் மூன்று, நான்கு பாகங்களாக வந்ததற்கு நூலகங்களின் வசதியும் ஒரு காரணம்: ஒரே கதையின் பாகங்களை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குச் சுற்றுக்கு விடலாம். உயர்ந்த இலக்கியம் பேசியவர்கள் இதைத் தொற்றுநோயாகப் பார்த்தார்கள்.

அப்படிப் படித்துப் படித்துத் தலை கிறுகிறுத்த ஒரு பெண்ணைத்தான் ஜேன் ஆஸ்டின் ‘நார்தாங்கர் அபே’யின் நாயகியாக்கினார். கேத்தரின் மார்லண்ட் ஒரு பழைய மடாலய வீட்டில் விருந்தினராகத் தங்குகிறாள். புயலடிக்கும் இரவு, பூட்டிய கறுப்பு அலமாரி, உள்ளே சுருட்டிவைத்த காகிதக் கட்டு. எடுக்கும்போது மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. இரவெல்லாம் தூங்காமல் புரண்டு, விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் சலவைக் கணக்கு. கூடவே குதிரை வைத்தியனின் பில். கோதிக் நாவல் காகிதத்தின் மேல் நிற்கிறது என்பதை ஆஸ்டின் அளவுக்குக் கூர்மையாகக் கண்டுகொண்டவர் யாருமில்லை. இதைக் கோதிக்கின் மீதான நையாண்டி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. கேத்தரின் நினைத்தது போல் அந்த வீட்டுத் தலைவர் மனைவியைக் கொல்லவில்லை. ஆனால் கேத்தரினுக்குச் சொத்து இல்லை என்று தெரிந்ததும் அவளைத் துணைக்கு ஆளில்லாமல் வீட்டைவிட்டே துரத்துகிறார். மொன்டோனியும் அவரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இந்த நாவலில் கேத்தரினின் தோழி இசபெல்லா ஏழு ‘பயங்கர’ நாவல்களின் பெயர்களை அடுக்குவாள். அவை ஆஸ்டினே வேடிக்கைக்காக இட்டுக்கட்டியவை என்று பலர் நெடுங்காலம் நினைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் தேடிப் பார்த்தார்கள். ஏழும் உண்மையாகவே அச்சான நாவல்கள்! மைக்கேல் சாட்லியர் 1927இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஏழில் ஆறு மினர்வா வெளியீடு. இன்று ஏழும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. ஏழையும் படிக்கச் சொல்ல மாட்டேன். எலிசா பார்சன்ஸின் ‘வொல்ஃபென்பாக் கோட்டை’ ஒன்று போதும், அதுவும் பொறுமை இருந்தால்.

1816ஆம் ஆண்டின் கோடையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசியும் வாயுவும் வெயிலை மறைத்தன. ஜெனீவா ஏரிக்கரையில் பைரன், ஷெல்லி, மேரி முதலியோர் மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். எல்லாரும் சொல்லும் கதை அத்தோடு பேய்க்கதைப் போட்டிக்குத் தாவிவிடும். நடுவில் ஒரு புத்தகம் இருக்கிறது. ஜெர்மன் பேய்க்கதைகளை 1812இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த ‘ஃபான்டாஸ்மகோரியானா’ என்ற தொகுப்பை அவர்கள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் ஆளுக்கொன்று எழுதலாம் என்று பைரன் சொன்னது. பதினெட்டு வயது மேரியிடமிருந்து ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ வந்தது. 1818 ஜனவரி 1இல், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகங்களில், 500 பிரதிகள்.

சினிமா பார்த்தே அந்தப் பூதத்தை அறிந்தவர்கள் நாவலைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள். அது வாயில்லாப் பிராணி இல்லை. பெருவாசகன். குடிசை ஒன்றின் பக்கத்தில் மறைந்திருந்து, உள்ளே ஓர் அந்நியப் பெண்ணுக்கு நடக்கும் பாடத்தை ஒட்டுக்கேட்டு மொழி கற்கிறது. பிறகு காட்டில் ஒரு தோல்பெட்டி கிடைக்கிறது. அதில் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’, புளூடார்க்கின் வரலாறுகளில் ஒரு பாகம், கதேயின் ‘வெர்தர்’. மில்டனைக் கற்பனை என்றே அது எடுத்துக்கொள்வதில்லை, நடந்த வரலாறாகப் படிக்கிறது. ஆதாமுக்கு ஒரு துணை கிடைத்ததே, எனக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் நாவலின் மிகக் கொடூரமான காகிதம். தான் எடுத்துவந்த கோட்டின் பையில், தன்னைப் படைத்த விக்டரின் நாட்குறிப்பு இருக்கிறது. தன்னை உருவாக்கிய நான்கு மாதக் குறிப்பு, அருவருப்போடு எழுதப்பட்டது. தன்னை உண்டாக்கியவனுக்குத் தன்மேல் இருந்த வெறுப்பை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. பின்னால் வரும் கொலைகள் எதுவும் எனக்கு இந்த இடத்தைப் போல் நடுக்கம் தந்ததில்லை.

கதையை நம்பவைக்கவும் மேரி காகிதத்தையே நம்புகிறார். முழு நாவலும் வட துருவக் கடலில் மாட்டிக்கொண்ட வால்டன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்கள். அதற்குள் விக்டர் சொன்னது, அதற்குள் பூதம் சொன்னது. வால்டன் எடுத்த குறிப்பை விக்டரே வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறான். குடிசைவாசிகளின் கடிதங்களைப் பூதம் நகலெடுத்துச் சாட்சியமாக வைத்திருக்கிறது! நீதிமன்றத்துக்கு ஆவணம் தயாரிக்கும் வழக்கறிஞரின் கவனம். இந்த நாவலைப் புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். ‘காஞ்சனை’யை எழுதியவர் மேரி ஷெல்லியின் வாக்கியங்களுக்குள் போய்வந்தவர் என்பது நம் சிறுகதை வரலாற்றில் இன்னும் அழுத்தம் பெற வேண்டிய செய்தி.

இப்போது டிராகுலாவுக்கு வருகிறேன். சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

பிராம் ஸ்டோக்கரின் முதல் புத்தகம் எதுவென்று கேட்டால் பலர் ஏதோ பேய்க்கதை என்று நினைப்பார்கள். 1879இல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் ‘அயர்லாந்தின் சிறு வழக்கு மன்ற எழுத்தர்களின் கடமைகள்’. டப்ளினில் அரசு ஊழியராக இருந்தபோது, எழுத்தர்கள் எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளக்கி எழுதிய கையேடு. பிறகு லண்டனில் ஹென்றி இர்விங்கின் நாடக அரங்குக்கு மேலாளரானார். 1890இல் வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொண்டார். அதே ஆண்டு கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊரின் நூலகத்தில், வலேகியா, மோல்டாவியா நாடுகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் 1820இல் எழுதிய நூலைப் புரட்டும்போது டிராகுலா என்ற பெயர் கிடைத்தது. ட்ரான்ஸில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை. எமிலி ஜெரார்ட் 1885இல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்நாட்டு நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார். அவருடைய குறிப்புகள் இன்று ஃபிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையேடு எழுதிய எழுத்தரின் கைதான் அதிலும் தெரிகிறது.

1897 மே மாதம் வெளிவந்த நாவலை அந்தக் கண்ணோடு படியுங்கள். ஜொனாதன் ஹார்க்கர் டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு ஏன் போகிறான்? அவன் புதிதாகத் தேறிய சொலிசிட்டர். பிரபு லண்டன் பக்கம் ஒரு வீடு வாங்குகிறார், பத்திர வேலையை முடிக்கப் போகிறான். வீட்டைக் கோடாக் கேமராவில் படமெடுத்தும் வைத்திருக்கிறான். கோட்டையில் ஒரு நூலகம். சட்டம், புவியியல், அரசியல் பொருளாதாரம் என்று ஆங்கிலப் புத்தகங்கள். லண்டன் விலாசப் புத்தகம், ஆண்டு மலர், வழக்கறிஞர் பட்டியல். ஒரு மாலை ஹார்க்கர் உள்ளே போகும்போது டிராகுலா பிரபு சோபாவில் சாய்ந்துகொண்டு படித்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் பிராட்ஷா ரயில் கால அட்டவணை. நானூறு ஆண்டு வயதான இரத்தக்காட்டேரி ரயில் நேரம் பார்க்கிறது. சிரிப்பு வரும். ஒரு நிமிடம் கழித்து அந்தச் சிரிப்பு போய்விடும், ஏனென்றால் அவன் வரப்போகிறான், திட்டமிட்டு வரப்போகிறான்.

அவனைப் பிடிப்பதும் அதே வழியில்தான். சிலுவையும் பூண்டும் இருக்கின்றன, ஆனால் வேட்டையை நகர்த்துவது ஹார்க்கரின் மனைவி மினாவின் தட்டச்சு இயந்திரம். எல்லார் நாட்குறிப்பையும், டாக்டர் செவார்ட் ஒலிப்பதிவு உருளையில் பேசிவைத்ததையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். அவளுக்கும் ரயில் அட்டவணை மனப்பாடம். மண் நிரப்பிய ஐம்பது பெட்டிகள் எங்கெங்கே போயின என்பதை, சரக்கு அனுப்பிய ரசீதுகளையும் வண்டிக்காரர்களையும் விசாரித்துக் கண்டுபிடிக்கிறார்கள். பிக்கடில்லி வீட்டுக்குள் நுழைந்தால் மேசைமேல் விற்பனைப் பத்திரங்கள் கட்டுக்கட்டாய் இருக்கின்றன. டிராகுலாவும் இந்தப் போர் எதில் நடக்கிறது என்று தெரிந்தவன்: இவர்கள் வீட்டில் புகுந்ததும் கையெழுத்துப் பிரதிகளையும் உருளைகளையும் தீயில் போடுகிறான். ஒரு பிரதி பெட்டகத்தில் இருந்ததால் பிழைத்தது. ஏழு ஆண்டு கழித்து ஹார்க்கர் எழுதும் பின்குறிப்பில், இத்தனை காகிதத்தில் மூல ஆவணம் என்று காட்ட ஏறக்குறைய எதுவுமே இல்லை, தட்டச்சுக் குவியல்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். பொய் ஆவணத்தை உண்மை என்று சொல்லித் தொடங்கினார் வால்போல். உண்மை ஆவணமே இல்லை என்று சொல்லி முடிக்கிறார் ஸ்டோக்கர். நாவலின் பின்பாதியில் தொய்வு உண்டு, வான் ஹெல்சிங்கின் பேச்சு பல இடங்களில் சலிப்பூட்டும். ஆனாலும் ஆவணங்களைக் கோத்துத் திகில் நாவல் எழுத விரும்புகிறவர் வரிவரியாகப் பிரித்துப் படிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடையாது.

எம். ஆர். ஜேம்ஸைக் கல்லூரி ஆசிரியர்கள் மத்தியில் குறிப்பிடாமல் போக முடியாது. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கையெழுத்துச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தயாரித்த பேரறிஞர். கிங்ஸ் கல்லூரியின் தலைவர். கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களுக்குப் பேய்க்கதை வாசிப்பார். 1911 தொகுப்பில் ஒரு கதை. ஆய்வுக்கட்டுரை நிராகரிக்கப்பட்ட ஒருவன், அதை மதிப்பிட்டவருக்கு மந்திர எழுத்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிடுகிறான். எங்கே வைத்து? பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவடி வாசிப்பறையில். சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் தப்பலாம், ஆனால் அவனே கைநீட்டி வாங்க வேண்டும். இந்த அவையில் யாராவது அண்மையில் ஆய்வேடு மதிப்பிட்டிருந்தால் பையைச் சோதித்துக்கொள்ளவும்.

மிகைபுனைவில் பத்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘ஹாபிட்’டில் பில்போ பயணம் கிளம்புவதற்கு முன் குள்ளர்கள் கணப்படுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவது ஒப்பந்தக் கடிதம்: லாபத்தில் பதினான்கில் ஒரு பங்கு வரை, தேவைப்பட்டால் ஈமச்செலவு. ‘மோதிரங்களின் தலைவன்’ தொடங்குவதே ஒரு வீட்டை யார் பேருக்கு எழுதுவது என்ற குடும்பப் பூசலில். உயிலில் ஏழு சாட்சிகளின் கையெழுத்து சிவப்பு மையில் இருக்கிறது. பில்போ விட்டுச்சென்ற மோதிரம் எது என்று மந்திரவாதி காண்டால்ஃப் கண்டுபிடித்தது மந்திரத்தால் மட்டும் இல்லை; மினாஸ் திரித் நகரின் சுவடிச்சாலையில் தூசி தட்டி எடுத்த ஓர் ஓலையால். முழுக் கதையுமே ஒரு பழைய கையெழுத்துப் பிரதியின் நகலிலிருந்து எடுத்தது என்று டோல்கீன் பாவனை செய்கிறார். வால்போலின் தந்திரம்தான், ஆனால் டோல்கீன் அதைத் தன் தொழிலாகவே செய்துவந்தவர் என்பதால் ஓட்டை தெரிவதில்லை. முதலில் வரைபடம் போட்டுக்கொண்டுதான் கதையை அதில் பொருத்தினார். நிலவின் வளர்பிறை தேய்பிறைகூட நாள் கணக்கோடு ஒத்துவர வேண்டும் என்று திருத்தித் திருத்தி எழுதினார்.

அவரைப் பார்த்து எழுதியவர்கள் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவை டயானா வின் ஜோன்ஸ் 1996இல் ஒரு போலிச் சுற்றுலாக் கையேடாக எழுதினார். மிகைபுனைவு நாட்டுக்குப் போகிற பயணிக்கு அகரவரிசையில் குறிப்பு: அங்கே தின்பதற்கு எந்நேரமும் இறைச்சிக் குழம்பு மட்டுமே கிடைக்கும், குதிரைகள் களைப்பதே இல்லை, செடிகளைப் போல மகரந்தச் சேர்க்கையால் பெருகுகின்றன போலும். இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு உங்கள் கைப்பிரதியைத் திறந்தால் பாதியை அடித்துவிடுவீர்கள். அர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய கட்டுரை இன்னும் கறாரானது. சமகால மிகைபுனைவு ஒன்றிலிருந்து ஓர் உரையாடலை எடுத்து, சில பெயர்களை மட்டும் மாற்றி, அதை வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாக்கிக் காட்டுகிறார். அப்படி மாற்ற முடிந்தால் அங்கே வேறு உலகம் இல்லை, வேடம்தான் இருக்கிறது. நடைதான் உலகம் என்பது அவர் கட்சி. தமிழில் அரசர் காலத்துக் கதை எழுதும் இளைஞர்கள் இந்தச் சோதனையைத் தங்கள் பக்கங்களில் செய்து பார்க்கலாம்.

எழுதுவதற்கான கையேடுகளைப் பலர் கேட்கிறார்கள். பத்து விதிகள் தரும் புத்தகங்களில் எனக்கு ஆர்வமில்லை. எழுதியவர்கள் வாசகர்களாக மாறிப் பேசும் புத்தகங்கள் பயன்படும். லவ்கிராஃப்டின் ‘இலக்கியத்தில் அமானுஷ்யத் திகில்’ (1927) தேர்ந்த வாசகரின் நூல். அவருடைய பெயரடைகளை மட்டும் கடன் வாங்க வேண்டாம். ஸ்டீஃபன் கிங்கின் ‘டான்ஸ் மக்காப்’ (1981) நண்பரோடு திண்ணையில் பேசுவது போல் போகும், ஒரு பகுதி அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பற்றியது, அதைத் தாண்டிப் படிக்கலாம். தோதொரோவின் 1970ஆம் ஆண்டு நூல் கோட்பாடுதான், ஆனால் ஒரு கருத்துக்காக அவசியம்: நடந்தது பிரமையா நிஜமா என்று வாசகர் தயங்கும் நேரம்தான் இந்த வகையின் உயிர். ‘காஞ்சனை’யை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், புதுமைப்பித்தன் அந்தத் தயக்கத்தைக் கடைசிவரை எப்படி அவிழ்க்காமல் பிடித்திருக்கிறார் என்று தெரியும். ராட்கிளிஃப் மெழுகுப் பொம்மையைக் காட்டியது போல் அவர் எதையும் காட்டுவதில்லை.

கடந்த கால் நூற்றாண்டில் இந்த மரபை முழுமையாக உள்வாங்கிய நாவல் எது என்றால், சூசன்னா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்சும் மிஸ்டர் நாரெல்லும்’ (2004) என்பேன். இல்லாத நூல்களை மேற்கோள் காட்டும் அடிக்குறிப்புகள் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. நாரெல் இங்கிலாந்தின் மந்திர நூல்களையெல்லாம் வாங்கித் தன் வீட்டில் பூட்டி வைத்திருப்பவர். யார்க் நகர மந்திரவாதிகளிடம் அவர் செய்யும் முதல் காரியம், இனி மந்திரம் படிக்க மாட்டோம் என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது. ஒரே ஒருவர் மறுக்கிறார். பின்னால், மிக முக்கியமான மந்திர நூல் காகிதத்திலேயே இல்லை, ஒரு நாடோடியின் தோலில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியவரும். முதலில் புத்தகமாக இருந்ததை அவனுடைய அப்பன் குடிபோதைப் பந்தயத்தில் தின்றுவிட்டான். இதற்குமேல் சொன்னால் படிக்கிறவர்களின் சுவாரசியம் கெடும்.

தமிழில் எழுத விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்பது, நம்மிடம் கோட்டையும் மடாலயமும் இல்லையே, கோதிக் எப்படி எழுதுவது என்று. நம் பேய்க்கதைகள் புளியமரத்தையும் பாழுங்கிணற்றையும் விட்டு வீட்டுக்குள் வரத் தயங்குகின்றன என்பது உண்மை. ஆனால் செட்டிநாட்டைப் பாருங்கள். அங்கே ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்கள். வளவைச் சுற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, தனிப் பூட்டு. ஆட்கள் வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் இருக்கிறார்கள். எல்லாரும் கையெழுத்திடாமல் விற்கவும் முடியாது. வால்போல் இந்த வீட்டைப் பார்த்திருந்தால் தலைக்கவசமே தேவைப்பட்டிருக்காது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினை, ரத்து செய்யப்பட்ட உயில், கைநாட்டு, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. இந்த மொழி தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை. எழுத நினைப்பவருக்கு நான் தரும் பட்டியலில் ராட்கிளிஃபின் கட்டுரை, டிராகுலா, லெ குவின் மூன்றும் உண்டு. நான்காவதாக, ஒரு வேலை நாள் காலையில் ஏதாவதொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பத்திர எழுத்தர் உரக்க வாசித்துக் காட்டுவதைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். மதியம் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.